உச்சவரம்பு யாருக்கு?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகைகளைக் கொண்டுதான் அறிய முடியும். கடைத்தெருவைக் கொண்டு அறிய முடியாது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. சந்தையிலும் கொள்வினை கொடுப்பினையிலும் அது விழவில்லை. பொழியூரின் மீனவர், பாலராமபுரத்தின் நெசவாளர், வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, களியக்காவிளைச் சந்தையின் சிறுவியாபாரி ஆகியோரிடம் இன்றும் ஒரே பணம்தான் கைமாறுகிறது.

அந்தப் பணம் இப்போது கைபேசி வழியாக மாறுகிறது. தேநீர்க் கடையிலும் மீன் கூடையின் ஓரத்திலும் க்யூஆர் அட்டை வந்துவிட்டது. பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைபேசியை நீட்டும் பழக்கம் எல்லையின் இருபுறமும் வேரூன்றிவிட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைக் கடந்தன. இத்தனை கோடி முறை கைமாறும் பணத்துக்கு ஒருமுறை எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு, இரகசிய எண் இல்லாமல் எவ்வளவு என்று வரம்புகள் விதிக்கப்பட்டுள்ளன. அவற்றை யார் விதிக்கிறார்கள், அவை யாரைக் காக்கின்றன, யாரைக் கட்டுகின்றன என்ற கேள்விகள் பொதுவெளியில் எழுவதே இல்லை.

உச்சவரம்பு என்ற சொல் இடதுசாரி இயக்கத்துக்குப் புதியதன்று. நிலக்குவியலுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று கேட்டுச் சிறை சென்றவர்களின் இயக்கம் இது. 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தின் அடிப்படையே, உள்ளவனின் குவிப்புக்கு ஓர் எல்லை, இல்லாதவனின் குடியிருப்புக்கு ஓர் உரிமை என்பதுதான். அந்த அளவுகோலை இன்றைய மின்னணுப் பணத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருத்திப் பார்த்தால் எளியவர் மீதான வரம்புகள் இம்மியும் பிசகாமல் இயங்குவதும், பெருநிறுவனங்கள் மீதான வரம்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிவைக்கப்படுவதும் வெட்டவெளிச்சமாகும்.

வரம்புகளின் வரலாறு

வரம்புகளைப் பற்றிய விவரங்களை முதலில் தெளிவாகக் கொள்வது நல்லது. அட்டையைக் கருவியில் செருகாமல், இரகசிய எண்ணை அழுத்தாமல், அருகில் காட்டிய அளவிலேயே பணம் செலுத்தும் முறையை ரிசர்வ் வங்கி 2015 மே மாதத்தில் அனுமதித்தது. ஒருமுறைக்கு 2,000 ரூபாய் என்பது அன்றைய வரம்பு. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரி 1 முதல், அது 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கைபேசி வழியான யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. சாதாரணப் பரிவர்த்தனைக்கு 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பு பொதுவாக நடைமுறையில் உள்ளது. சிறு தொகைகளுக்காக 2022 செப்டம்பரில் யுபிஐ லைட் வந்தது. கைபேசியில் முன்கூட்டியே ஒரு தொகையை ஏற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இரகசிய எண் இல்லாமல் செலவிடுவது இதன் முறை. ஒருமுறைக்கு 200 ரூபாய், ஏற்றி வைப்பது 2,000 ரூபாய் எனத் தொடங்கிய இந்த வரம்பு, 2023இல் ஒருமுறைக்கு 500 ரூபாயாகவும், 2024 டிசம்பரில் ஒருமுறைக்கு 1,000, ஏற்றி வைப்பது 5,000 ரூபாயாகவும் வளர்ந்தது. இணையத் தொடர்பே இல்லாத இடத்தில், இரு கைபேசிகளை அருகருகே வைத்துப் பணம் மாற்றும் யுபிஐ லைட் எக்ஸ் 2023 செப்டம்பரில் அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு இருவரிடமும் என்எஃப்சி வசதியுள்ள கைபேசி இருக்க வேண்டும். பொத்தான் கைபேசி வைத்திருப்போருக்கான யுபிஐ 123பே முறையில் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 10,000 ரூபாயாக ஆக்கப்பட்டது.

மறுபக்கத்தில், 2025 செப்டம்பர் 15 முதல் காப்பீடு, மூலதனச் சந்தை உள்ளிட்ட சில இனங்களில் வணிக நிறுவனங்களுக்குச் செலுத்தும் தொகையின் வரம்பு ஒருமுறைக்கு 5 லட்சம், ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபாய் என உயர்ந்தது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் தொகையின் வரம்பு 1 லட்சத்திலேயே நிற்கிறது.

இந்த உயர்வுக்கு முன்பு நடந்த ஒரு மாற்றம் கவனத்துக்கு வராமலே போனது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட பணக்கொள்கை அறிவிப்பில், வணிகர்களுக்குச் செலுத்தும் தொகைகளின் வரம்பை வங்கிகளுடனும் பிற பங்கேற்பாளர்களுடனும் கலந்து என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. கலந்து பேச வேண்டியவர்களின் பட்டியலில் வங்கிகள் உண்டு. செயலி நிறுவனங்கள் உண்டு. மீன் விற்கும் பெண்ணுக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் அங்கே நாற்காலி இல்லை. நாட்டின் பெரும்பாலான மக்கள் அன்றாடம் புழங்கும் பணத்தின் விதிகள், சுற்றறிக்கைகளில் எழுதப்பட்டு, ஒருநாள் காலையில் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன.

காக்கும் வேலி

எல்லா வரம்பும் அடக்குமுறையன்று. இரகசிய எண் இல்லாமல் செலவாகும் தொகைக்குக் குறைந்த வரம்பு இருப்பது உழைக்கும் மக்களுக்கு ஒரு பாதுகாப்பு. கைபேசி தொலைந்தால், களவு போனால், இழப்பு அந்த அளவோடு நிற்கும். ஒரு பங்குத் தரகருக்கு 5,000 ரூபாய் சில்லறை. கல்லுடைக்கும் தொழிலாளிக்கு அது ஒரு வாரத்து வாழ்வு. எனவே, “வசதி” என்ற பெயரில் இந்த வரம்பைத் தொடர்ந்து உயர்த்திக்கொண்டே போவதை எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் 2007இல் 10 பவுண்டாகத் தொடங்கிய தட்டிச் செலுத்தும் அட்டையின் வரம்பு, 2020இல் 45 பவுண்டாகவும், 2021 அக்டோபரில் 100 பவுண்டாகவும் உயர்ந்தது. முகத்தையோ விரல்ரேகையையோ சரிபார்க்கும் கைபேசிகளுக்கு அந்த வரம்பும் பொருந்துவதில்லை. இப்பாதையில் வரம்பு ஒருமுறை உயர்ந்தால் மீண்டும் இறங்குவதில்லை. கையை விட்டுப் பணம் போகிறது என்ற உணர்வு எந்த அளவுக்குக் குறைகிறதோ, அந்த அளவுக்குச் செலவு கூடும் என்பதை எந்தக் கடைக்காரரும் அறிவார். நுகர்வைத் தூண்டி வாழும் மூலதனமும் அதை நன்றாகவே அறியும்.

ஆகவே தனக்கான வரம்பைத் தானே குறைத்து வைத்துக்கொள்ளும் உரிமை, ஒவ்வொரு கணக்கு வைத்திருப்பவருக்கும் எல்லாச் செயலிகளிலும் ஒரே சீராக, தன் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். முதியவர் ஒருவர் தன் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நினைத்தால், பிறர் உதவியின்றி அதைச் செய்ய இயல வேண்டும். வரம்பை உயர்த்தும் பொத்தான் கண்ணுக்கு முன்னே ஒளிர்வதும், குறைக்கும் பொத்தான் ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளிந்திருப்பதும் தற்செயலாகக் கருதத்தக்கதன்று.

ஏமாந்தவன் தலையில் பொறுப்பு

2023-24 நிதியாண்டில் யுபிஐ வழியாக 13.42 லட்சம் மோசடிகள் நடந்ததாகவும், அவற்றில் 1,087 கோடி ரூபாய் பறிபோனதாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஒரு மோசடிக்கு ஏறத்தாழ 8,100 ரூபாய். வலையில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் கோடீஸ்வரர்கள் அல்லர் என்பதை இந்தச் சிறு கணக்கே சொல்லிவிடுகிறது. 1 லட்சம் ரூபாய் வரம்பு இவர்களைக் காக்கவில்லை. பறிபோன தொகை அந்த வரம்பின் அருகில் கூடச் செல்லவில்லை.

இவர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு என்ன? அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை முக்கியமானது. வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாமல் மூன்றாவது தரப்பினால் இழப்பு நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அது கூறுகிறது. வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையதே. ஆனால் ஏமாற்றப்பட்டவர் தன் கையாலேயே இரகசிய எண்ணை அழுத்தியிருந்தால், அது “அங்கீகரிக்கப்பட்ட” பரிவர்த்தனை என்று சொல்லிப் பெரும்பாலும் கைவிரித்துவிடுகிறார்கள். “பணம் வருகிறது, எண்ணை அழுத்துங்கள்” என்ற பொய்யை நம்பிய குற்றத்துக்கு ஒரு குடும்பத்தின் சேமிப்பு தண்டனையாகிறது.

முதலாளித்துவ நாடாகிய பிரிட்டனிலேயே, 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தருவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பணம் அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அந்த இழப்பைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இழப்பு நிறுவனத்தின் தலையில் விழும் என்ற நிலை வந்தால்தான் பாதுகாப்பில் அது முதலீடு செய்யும். உலகுக்கே வழிகாட்டும் தொழில்நுட்பம் என்று யுபிஐயை மேடைதோறும் பறைசாற்றும் ஒன்றிய அரசு, இந்தப் பொறுப்பை ஏற்க முன்வர வேண்டும்.

முடக்கத்துக்கு வரம்பில்லை

செலவிடுவதற்கு வரம்பு உண்டு. முடக்குவதற்கு வரம்பு இருக்கவில்லை என்பதைக் கேரளம் 2023இல் கண்டது. எங்கோ ஒரு மாநிலத்தில் நடந்த இணைய மோசடியின் பணம் பல கைகள் மாறி, ஒரு சிறு உணவகத்திலோ கடையிலோ சில நூறு ரூபாய்க்குச் செலவாகியிருக்கும். வந்த வாடிக்கையாளர் யார், அவர் பணம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் வெளிமாநிலக் காவல்துறையின் குறிப்பு வந்த உடனே, வங்கிகள் அந்தக் கடைக்காரரின் கணக்கை முழுவதுமாக முடக்கின. சரக்குக்குப் பணம் கொடுக்க முடியாமலும், கூலி கொடுக்க முடியாமலும், கடன் தவணை கட்ட முடியாமலும் பலர் திண்டாடினர்.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் சென்ற பிறகே தெளிவு பிறந்தது. காவல்துறை குறிப்பிட்ட தொகைக்கு மட்டுமே தடை இருக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இதுவும் ஓர் உச்சவரம்புதான். அரசின் அதிகாரத்துக்கு நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு. ஆனால் இந்த உத்தரவு இருப்பதே தெரியாத ஒரு சிறுவணிகருக்கு அதனால் என்ன பயன்?

எல்லைப்புறத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கடை பாறசாலையில் இருக்கலாம். வங்கிக் கணக்கு களியக்காவிளையில் இருக்கலாம். வாங்கியவர் மார்த்தாண்டத்துக்காரராக இருக்கலாம். புகார் எந்த மாநிலக் காவல்நிலையத்துக்குரியது என்ற கேள்வியிலேயே நாட்கள் கழியும். 1930 என்ற ஒரே உதவி எண் நாடு முழுவதற்கும் உண்டென்றாலும், புகாருக்குப் பிறகு அலைய வேண்டிய அலுவலகங்கள் ஒன்றல்ல. இரு மாநில அரசுகளும் சேர்ந்து எல்லைப்புற வட்டங்களுக்கென ஒரு கூட்டு உதவி மையத்தை அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று.

கர்நாடகத்தில் 2025 ஜூலையில் நடந்ததும் நினைவில் கொள்ளத்தக்கது. யுபிஐ வழியாக வந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து, காய்கறி, பால், பூ விற்போருக்கெல்லாம் ஜிஎஸ்டி அறிவிப்புகள் பறந்தன. சரக்கு விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பதிவுக்கான எல்லை. வரிவிலக்குள்ள பொருளை விற்பவரா, சொந்தக்காரர் அனுப்பிய பணமா, திருப்பிக் கொடுத்த கைமாற்றா என்று பாராமல் அனைத்தையும் விற்பனையாகக் கொண்டால் விளைவு எப்படியிருக்கும்? பெங்களூருவின் கடைகளில் க்யூஆர் அட்டைகள் கழற்றப்பட்டு, “ரொக்கம் மட்டும்” என்ற எழுத்து தொங்கியது. வணிகர்கள் கடையடைப்பு அறிவித்த பிறகே மாநில அரசு இறங்கி வந்தது. வரி ஏய்ப்பை இடதுசாரிகள் என்றும் ஆதரித்ததில்லை. பெருநிறுவன வரியைக் குறைத்துவிட்டு, சில்லறை விற்பவரின் கைபேசியில் வருவாய் தேடும் கொள்கையையே எதிர்க்கிறோம்.

விதிக்கப்படாத உச்சவரம்பு

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். யுபிஐ பொதுத்துறை வங்கிகளின் தோளில் எழுந்த பொதுக் கட்டமைப்பு. அதன் மேல் ஓடும் செயலிகளில் இரண்டு மட்டும் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைக் கைக்கொண்டுள்ளன. ஒன்று வால்மார்ட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள ஃபோன்பே. மற்றொன்று கூகுள் பே. இரண்டும் அமெரிக்க மூலதனத்தின் பிடியில் இருப்பவை.

இந்தக் குவிப்பை உணர்ந்துதான், எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனைகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் கையாளக் கூடாது என்று 2020 நவம்பரில் என்பிசிஐ அறிவித்தது. ஏற்கெனவே வரம்பை மீறியிருந்த நிறுவனங்களுக்கு 2022 இறுதி வரை அவகாசம் தரப்பட்டது. அது 2024 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நாளும் வந்தது. அன்றே 2026 டிசம்பர் 31 வரை மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அதே நாளில், வாட்ஸ்அப் பே சேர்த்துக்கொள்ளும் பயனர் எண்ணிக்கை மீது இருந்த வரம்பும் நீக்கப்பட்டது.

நில உச்சவரம்புச் சட்டங்களை முறியடிக்கப் பல மாநிலங்களில் நிலப்பிரபுக்கள் கையாண்ட உத்தி இங்கே நினைவுக்கு வரும். சட்டம் ஏட்டில் இருக்கும். நடைமுறைக்கான நாள் நகர்ந்துகொண்டே போகும். நகரும் ஒவ்வொரு நாளும் நிலம் கைமாறும். இங்கு நிலத்தின் இடத்தில் சந்தையும் தரவும் இருக்கின்றன. புதிதாகப் பதிவு செய்யும் சாதாரணப் பயனருக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பு ஒரு நொடியும் தளர்வதில்லை. வாடிக்கையாளர் பணம் வந்ததா என்று கணக்கு இருப்பைப் பார்ப்பதற்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறை என்ற வரம்பு வந்துவிட்டது. வால்மார்ட்டுக்கும் கூகுளுக்கும் விதித்த 30 விழுக்காடு மட்டும் ஆறு ஆண்டுகள் காத்திருக்கிறது.

சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை 2012இல் இடதுசாரிகள் எதிர்த்தபோது, வால்மார்ட் வந்தால் தெருக்கடைகள் அழியும் என்று எச்சரித்தோம். வால்மார்ட் பெருங்கடையாக வந்து தெருக்கடையை மூடவில்லை. பணம் வாங்கும் அட்டையாக வந்து தெருக்கடையின் மேசை மேலேயே அமர்ந்துவிட்டது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், என்ன தொகைக்கு விற்பனை நடக்கிறது என்ற அறிவு அதன் கையில் சேர்கிறது. பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் ஒலிப்பெட்டிக்குக் கடைக்காரர் மாத வாடகை செலுத்துகிறார். அந்த விற்பனை விவரத்தைக் காட்டியே அவருக்குக் கடன் விற்கப்படுகிறது.

செலவை யார் சுமப்பது?

2020 ஜனவரி 1 முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் கிடையாது. இது சிறுவணிகருக்குக் கிடைத்த பயன்; இதைக் காக்க வேண்டும். ஆனால் அந்தச் செலவை ஈடுகட்ட அரசு தரும் ஊக்கத்தொகை சுருங்கி வருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு வழங்கியதில் இது பாதியும் இல்லை. சிறுவணிகர்களிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்கே அந்த ஊக்கத்தொகை. 2025 மார்ச்சில் பணப்பரிவர்த்தனை நிறுவனங்களின் அமைப்பு, பெருவணிகர்களிடம் கட்டணம் வாங்க அனுமதி கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. கட்டணம் விதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜூன் மாதத்தில் நிதி அமைச்சகம் மறுத்தது.

மறுப்புகள் நிரந்தரமல்ல என்பது உழைக்கும் மக்களின் அனுபவம். 2023 ஏப்ரல் முதல், பணப்பைக் கணக்குகளிலிருந்து யுபிஐ வழியாக வணிகருக்குச் செல்லும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கு 1.1 விழுக்காடு வரை இடைக்கட்டணம் வந்துவிட்டது. மக்களைப் பழக்கிவிட்டுப் பிறகு விலை சொல்வது சந்தையின் பழைய தந்திரம். பொதுக் கட்டமைப்பின் செலவைப் பொது வருவாயிலிருந்து ஏற்பதும், அதன் மேல் ஏறி இலாபம் ஈட்டும் பெருநிறுவனங்களிடம் பங்கு வாங்குவதுமே நேரிய வழி.

தாள் பணமும் உரிமையே

கைபேசி வந்த பிறகு தாள் பணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2025 மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யுபிஐ நாடு தழுவிய அளவில் தடைப்பட்டது. சட்டைப்பையில் 100 ரூபாய்த் தாள் வைத்திருந்தவர் அன்று பட்டினி கிடக்கவில்லை. மின்னணுப் பணத்தில் உலகில் முன்வரிசையில் நிற்கும் நார்வே, கடையில் ரொக்கமாகச் செலுத்தும் நுகர்வோரின் உரிமையை 2024 அக்டோபர் 1 முதல் சட்டத்தால் வலுப்படுத்தியுள்ளது. நெருக்கடி நேரத்தில் தாள்தான் கைகொடுக்கும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

இங்கே நடப்பது எதிர்த்திசை. 2016 நவம்பர் 8 இரவில், புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. செல்லாதென அறிவித்த தாள்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வங்கிக்கே திரும்பியதாக ரிசர்வ் வங்கியின் அறிக்கை பின்னர் கூறியது. கறுப்புப் பணம் பிடிபடவில்லை. தனியார் பணப்பை நிறுவனங்கள் வளர்ந்தன. 2017 ஏப்ரல் 1 அன்று திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, கேரள சட்டமன்றத்தின் எதிர்ப்புத் தீர்மானத்தையும் மீறி, பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. எல்லையின் இருபுறத்து மக்களும் தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருந்த வங்கி அது. இப்போது தன் பணத்தைத் தாளாக எடுக்கவும் எண்ணிக்கை வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், 2025 மே 1 முதல், ஒருமுறைக்கு 23 ரூபாய் வரை கட்டணம். தாளைக் கடினமாக்கினால் கைபேசி கட்டாயமாகும். அந்தக் கட்டாயத்துக்கு “மக்களின் விருப்பம்” என்று பெயரிடுகிறார்கள்.

மொழியின் வரம்பு

எல்லைப்புறத் தமிழருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. வங்கிகளின் படிவங்களும் அறிவிப்புகளும் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகிய மூன்றில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நெய்யாற்றின்கரை தாலுகாவில் வட்டார மொழி என்பது மலையாளம். வீட்டில் தமிழ் பேசி, தமிழில் எழுத்தறிந்த முதியவர் அங்கே மூன்று மொழிகளுக்கு நடுவில் தன் மொழியைத் தேடி நிற்பார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தம் மொழியில் எழுதிக்கொள்ளும் உரிமையைக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே ஏற்றது. அந்தப் பண்பாடு வங்கிகளுக்கும் பரவ வேண்டும். பணம் போய்விட்டது என்று பதறும் ஒருவர், அந்த நேரத்தில் தனக்குத் தெரியாத மொழியில் புகார் எழுத நேர்வது கொடுமை.

கேரளம் இதில் வழிகாட்டக்கூடிய நிலையில் உள்ளது. 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன், இணையத்தை மக்களின் உரிமையாக அறிவித்த பொதுத்துறை முயற்சி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிய மின்னணு எழுத்தறிவு இயக்கம் மாநிலம் முழுவதும் பரவி, 2025 ஆகஸ்டில் முழு மின்னணு எழுத்தறிவு அறிவிக்கப்பட்டது. கைபேசியை இயக்கக் கற்றுத் தந்த இயக்கம், அடுத்த கட்டமாகக் கைபேசிப் பணத்தின் உரிமைகளையும் கற்றுத் தர வேண்டும். எல்லை ஊராட்சிகளில் அது தமிழிலும் நடக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

இடதுசாரிகள் மீண்டும் இயந்திரத்தை எதிர்க்கிறார்கள் என்று ஆளும் வர்க்க ஊடகங்கள் கூறக்கூடும். மறுமொழி எளிது. யுபிஐ மக்கள் பணத்தில் எழுந்த சாதனை; சிறுவணிகரின் சில்லறைத் தட்டுப்பாட்டையும் வெளியூரில் உழைப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தொல்லையையும் அது குறைத்திருக்கிறது. அந்தக் கருவியைக் காக்கவே இக்கேள்விகள் எழுப்பப்படுகின்றன. சாலை பொதுச்சொத்து என்றால், அதன் சுங்கச் சாவடியை இரு அந்நிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். பணப்பரிவர்த்தனை வரம்புகளை மாற்றும் முன் அவை பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டு, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். தன் வரம்பைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி எல்லாச் செயலிகளிலும் தாய்மொழியில் கட்டாயமாக வேண்டும். ஏமாற்றப்பட்டு இழந்த சிறு தொகைகளைக் குறித்த காலத்துக்குள் திருப்பித் தரும் பொறுப்பு வங்கிகள் மீதும் செயலி நிறுவனங்கள் மீதும் வேண்டும். முடக்கம் ஐயத்துக்குரிய தொகைக்கு மட்டும் என்ற கேரள உயர் நீதிமன்றத்தின் நிலை நாடு முழுமைக்கும் சட்டமாக வேண்டும். 30 விழுக்காட்டு உச்சவரம்பு இனியொரு நீட்டிப்பின்றி நடைமுறைக்கு வர வேண்டும். சிறுவணிகரிடம் கட்டணம் கூடாது. ரொக்கம் வாங்கவும் கொடுக்கவும் உள்ள உரிமை சட்டத்தால் காக்கப்பட வேண்டும்.

கோரிக்கை மனுவோடு பணி முடிவதில்லை. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் உள்ள கிளைகள், தொழிற்சங்கங்களோடும் வியாபாரிகள் சங்கங்களோடும் நூலகங்களோடும் கைகோத்து உடனே தொடங்கக்கூடிய வேலைகள் உள்ளன. பணம் பறிபோன முதல் மணி நேரத்தில் என்ன செய்வது, 1930 எண்ணில் என்ன சொல்வது, வங்கிக்கு எழுத்தில் எப்படித் தெரிவிப்பது, கணக்கு முடங்கினால் எந்த உத்தரவைக் காட்டுவது என்பவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொண்டுசேர்க்கலாம். மாலை நேரத்தில் ஒரு மேசையும் இரண்டு தோழர்களும் இருந்தால் ஓர் உதவி மையம் உருவாகிவிடும். கணக்கு முடங்கிய ஒரு கடைக்காரருக்காக வங்கி வாசலில் நிற்கும் கிளை, ஏகபோகத்தின் பொருளை நூறு கூட்டங்களில் விளக்குவதைவிட ஆழமாக விளக்கிவிடும்.

நிலத்துக்கு உச்சவரம்பு கேட்ட தலைமுறையிடம் நில அளவைக் கருவிகள் இல்லை. எந்த வயல் யாருடையது என்ற அறிவும் அதை உரக்கச் சொல்லும் துணிவும் இருந்தன. இன்றைய தலைமுறையின் வயல் கைபேசித் திரையில் விரிந்து கிடக்கிறது. அதற்கு வேலி யார் போடுகிறார்கள், வேலிக்குள் மேய்வது யார் என்பதை மக்களோடு சேர்ந்து அளந்து பார்க்கும் கடமை கட்சி உறுப்பினர் ஒவ்வொருவருடையது.